அறுபது குடத் தொட்டி

அடையாறு
4 மே 1975

பாரதி,

நான்தான், வேலம்மா. கையெழுத்தைப் பார்த்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிடாதே. ஏழு வருஷத்துக்கு முன்னால், பாஸான சந்தோஷத்தில் நீ கருப்பட்டி மிட்டாய் எடுத்துக்கொண்டு எங்கள் குடிசை வரைக்கும் வந்தாய். நான் உன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். கணக்கில் இருபத்தொன்பது வாங்கியவளிடம் அறுபத்தெட்டு வாங்கியவள் மிட்டாய் நீட்டினால் வேறு என்ன செய்வாள்? சரி, அதைப் பேச நான் இதை எழுதவில்லை.

நான் இப்போது இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறேன். எங்கள் மேட்ரனம்மாவுக்கு என் வேலை பிடித்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி.யை மட்டும் முடித்துக்கொண்டு வா, உதவி நர்ஸ் பயிற்சிக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். வயது வரம்பு இருபத்தைந்து. வருகிற மார்ச்சில் எனக்கு இருபத்தைந்து முடிகிறது. பயிற்சி ஜனவரியில் ஆரம்பம். ஆக, இந்த அக்டோபர் பரீட்சையை விட்டால் ஆயுசு முழுக்க நான் பெட்பேன் தூக்க வேண்டியதுதான். மற்றப் பாடம் எல்லாம் அப்போதே பாஸ். கணக்கு ஒன்றுதான் பாக்கி. நடுவில் இரண்டு தடவை எழுதினேன். இன்னும் ஒரு தடவை ஹால் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

எங்கள் வார்டு நர்ஸ் ஷாகிரா, உஸ்மான் ரோட்டில் உங்கள் அப்பா கடையில் புடவை எடுக்கப் போனபோது, நீ கணக்கு டீச்சர் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். சொல்லித் தருவாயா?

ஒரு நிபந்தனை. நேரில் வராதே. கோபத்தில் சொல்லவில்லை. நேரில் யார் சொன்னாலும் நான் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவேன். என் வியாதியே அதுதான். காகிதத்தில் தலையாட்ட முடியாது.

தபால்காரர் எங்கள் ஆற்றோரத்துக்குள் வரமாட்டார். வலியுல்லா பாய் டீக்கடை விலாசத்துக்கு எழுது.

வேலம்மா


தியாகராய நகர்
7 மே 1975

அன்புள்ள வேலம்மா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. மூன்று தடவை படித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, யாருக்கு என்ன ஆச்சு? எதுக்கு அழுதுட்டுக் கெடக்க?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, நல்ல செய்திதான் என்றேன். நீ எழுதினாயே, அதற்கே நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நேரில் வர மாட்டேன். எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ரப்பர் போட்டு எதையும் அழிக்காதே. தப்பு என்று தோன்றினால் மேலே ஒரே ஒரு கோடு போடு, அடியில் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும். உன் விடை எனக்கு வேண்டாம், நீ போன வழிதான் வேண்டும். எந்த இடத்தில் வழுக்கியதோ அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவேன். மீதியை நீதான் பார்க்க வேண்டும்.

நம் பழைய புத்தகத்தையே வைத்துக்கொள். பாடத்திட்டம் மாறவில்லை. பின்னம் அத்தியாயத்திலிருந்து தொடங்கு. வாரத்துக்கு ஆறு கணக்கு போதும்.

என்றும் உன்,
ஜெயபாரதி


அடையாறு
2 ஜூன் 1975

பாரதி,

நீ டீச்சரா, கொசுவா? காகிதம் முழுக்கப் புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறாய். விடையைச் சொல்லாமலே ஆளைக் கொல்கிறாய். ஒரு புள்ளியை நாலு நாள் முறைத்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் வார்டைத் துடைக்கும்போது திடீரென்று புரிந்தது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு நின்றேன். கட்டிலில் இருந்த பாட்டி பயந்துபோய், "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார். பொதுப் பகுதி எண் வந்துவிட்டது பாட்டி என்றேன். பாவம், பேரன் வந்துவிட்டான் என்று நினைத்து வாசலைப் பார்த்தார்.

எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், சிரிக்காதே. மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்றால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை, எதில் ஒன்று என்று மனசு கேட்கிறது. அதனால் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டேன். தொட்டியில் பன்னிரண்டு குடம் தண்ணீர். மூன்றில் ஒன்று என்றால் நாலு குடம். நாலில் ஒன்று என்றால் மூன்று குடம். கூட்டினால் ஏழு குடம், அதாவது பன்னிரண்டில் ஏழு. தெருக்குழாயில் பத்து வயதிலிருந்து நிற்கிறேன். குடம் என்றால் எனக்குத் தப்பாது.

இது குறுக்கு வழியா? பரீட்சையில் ஒத்துக்கொள்வார்களா? அம்மா வேறு, "இன்னாடி, குடம் குடம்னு எயுதிக்கினே கீறே, கொயாய்ல தண்ணி வர்ற நேரம், போய் நெஜ குடத்தத் தூக்கு" என்கிறாள்.

வேலம்மா


தியாகராய நகர்
28 ஜூன் 1975

அன்புள்ள வேலம்மா,

குறுக்கு வழி இல்லை. அதுதான் ராஜபாட்டை. பத்தாம் வகுப்பில் எனக்கு நாற்பத்திரண்டு பெண்கள். பின்னம் என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் ஜன்னல் வழியாகப் பாண்டி பஜாரைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி, கணக்கு நோட்டில் கோலப் புள்ளி வைப்பாள். போன வாரம் உன் குடத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். "தொட்டியில எத்தனை குடம் வச்சா சௌகரியம்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "இருபத்துநாலு டீச்சர், அப்பத்தான் ஆறாலயும் போவும், எட்டாலயும் போவும்." இரண்டு வருஷத்தில் அவள் வாயைத் திறந்தது அன்றுதான். நான் பி.எட். படித்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை. உன் கடிதத்தை ஐந்து தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

பெயர் சொல்லாமல் உன்னைப் பற்றியும் வகுப்பில் சொன்னேன். என் சினேகிதி ஒருத்தி, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறாள் என்று. கோபித்துக்கொள்ளாதே.

அடுத்து குழாயும் தொட்டியும் அத்தியாயம். உனக்கு அது பூப்பறிக்கிற மாதிரி. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரைக்கும் போடு. பதினாலாம் கணக்கு வேண்டாம், விட்டுவிடு. பதினைந்தில் தொடரலாம்.

உன்,
ஜெயபாரதி


அடையாறு
6 ஜூலை 1975

ஜெயபாரதி அவர்களுக்கு,

பதினாலை ஏன் விடச் சொன்னாய்? வேலம்மாவுக்கு அது வராது என்றுதானே?

வீம்புக்குப் போட்டேன். முதல் குழாய் தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டாவது பதினைந்து மணி நேரத்தில். அடிக்குழாய் நிறைந்த தொட்டியைப் பத்து மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும்? எனக்கு இருபது வந்தது. புத்தகத்தின் பின்னால் முப்பது. மூன்று நாள் போட்டேன், மூன்று நாளும் இருபதுதான். 

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இதே கணக்குதான். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், மயிலாப்பூர்க் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து நீ முப்பது கொண்டுவந்து காட்டினாயே, அதே கணக்கு. ஏழு வருஷம் கழித்தும் அதே இடத்தில், அதே இருபதில் நிற்கிறேன். நீ நினைத்தது சரி. எனக்கு வராது. வராததை வா வா என்று கூப்பிட்டு என்ன பிரயோசனம்?

மேட்ரனம்மாவிடம் இந்த வாரக் கடைசியில் சொல்லிவிடுவேன். இவ்வளவு நாள் புள்ளி வைத்ததற்கு நன்றி. இனி எழுத வேண்டாம்.

வேலம்மா


தியாகராய நகர்
8 ஜூலை 1975

வேலம்மா,

மேட்ரனிடம் எதுவும் சொல்லாதே. முதலில் இதைப் படி.

இருபதுதான் சரி.

புத்தகத்தில் அச்சுப்பிழை. அன்றைக்கும் இருபதுதான் சரி. நீ அன்று போட்டதும் சரி, இப்போது போட்டதும் சரி.

இனி வருவதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அன்று எனக்கும் முதலில் இருபதுதான் வந்தது. பின்னால் புரட்டினேன், முப்பது என்று இருந்தது. கணக்கில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் நான். புத்தகத்தோடு ஒத்துப்போகாத விடையை எப்படிக் காட்டுவது? வழியை வளைத்தேன். தொட்டியை அறுபதாக வைத்தால் முதல் குழாய் அறுபதில் ஐந்து, இரண்டாவது அறுபதில் நாலு, அடிக்குழாய் அறுபதில் ஆறு. நான் ஆறை ஏழாக்கினேன். ஐந்தும் நாலும் ஒன்பது, ஏழு போனால் இரண்டு. அறுபதை இரண்டால் வகுத்தால் முப்பது. தேன் மாதிரி வந்துவிட்டது.

நீ எட்டிப் பார்த்து, "எப்பிடிடி முப்பது வந்துச்சு? எனக்கு இருபதுதானே வருது" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா பாரு, புரியும்" என்றேன். நீ தலையாட்டினாய். அப்புறம் உன் பக்கத்தைக் கிழித்துக் குளத்தில் போட்டாய். மறுநாள் பரீட்சையில் தொட்டிக் கணக்கு வந்தது. நீ அதைத் தொடவே இல்லை என்று வெளியே வந்து சொன்னாய். ஆறு மார்க்கில் போயிற்று உனக்கு.

அப்போது நானே தப்பு, புத்தகம் சரி என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் முதன்முதலாக வகுப்பில் அந்தக் கணக்கைப் பலகையில் போட்டேன். இருபது வந்தது. சாக்பீஸோடு அப்படியே நின்றேன். அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பயம். பதினாலை விட்டுவிடு என்றதும் அதே பயம்தான். நீ தலையாட்டுவது உன் வியாதி என்றாய். அதை உனக்கு ஒட்டவைத்தவளே நான்தான்.

ரப்பர் போடாதே என்று உனக்கு நிபந்தனை போட எனக்கு என்ன யோக்கியதை? திட்டி எழுது. ஆனால் பரீட்சையை விடாதே.

ஜெயபாரதி


தியாகராய நகர்
24 ஜூலை 1975

வேலம்மா,

பதில் இல்லை. வாராவாரம் கணக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இது மூன்றாவது தாள். சனிக்கிழமை அடையாறுக்கு பஸ் ஏறி வந்தேன். டீக்கடை வரைக்கும் வந்துவிட்டு, நேரில் வராதே என்று நீ சொன்னது ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்க நாளையிலிருந்து ஒரே வாரம்தான் இருக்கிறது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயபாரதி


அடையாறு
3 ஆகஸ்ட் 1975

பாரதி,

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். எங்கள் குழாயடி வார்த்தை எல்லாம் தபால் கவரில் அடங்காது. உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நாள் இருக்கும். ஏழு வருஷம் பாரதி. நான் மக்கு என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்ட ஏழு வருஷம்.

மறுநாள் காலையில் குழாயில் நின்றேன். முன்னால் பதினெட்டுக் குடம் வரிசை. மனசு தானாகக் கணக்குப் போட்டது. அறுபது குடத் தொட்டி. மணிக்கு ஒரு குழாய் ஐந்து குடம், இன்னொன்று நாலு குடம், அடியில் ஆறு குடம் ஒழுகுகிறது. மணிக்கு மிச்சம் மூன்று குடம். அறுபது குடத்துக்கு இருபது மணி நேரம். இதைக் கேட்டால் இந்த வரிசையில் நிற்கிற யார் வேண்டுமானாலும் சொல்வார்களே! கேட்டேன். அம்மா திரும்பிப் பார்த்து, "இருபது மணி நேரம்தான், இதுக்கு இன்னாத்துக்கு ஸ்கூலு?" என்றாள். அச்சடித்த புத்தகத்துக்கு முன்னால் மட்டும் எனக்கு ஏன் வாய் அடைத்துப்போனது? தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. எனக்கு வந்ததை நானும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

இன்னொன்றும் தோன்றியது. நீ இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நானும் ஆயாவாகவே இருந்திருப்பேன், நீயும் நல்ல டீச்சராகவே இருந்திருப்பாய். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நீ சொன்னாய். அதற்கு நன்றி. திட்டியதற்கு அப்புறம் வந்தது இந்த நன்றி, அதனால் கெட்டி.

நீ டீக்கடைக்கு வந்ததை வலியுல்லா பாய் சொன்னார். "கண்ணாடி போட்ட டீச்சரம்மா ஒண்ணு வந்து, டீயக் குடிக்காமலே போயிடுச்சு" என்றார். மூன்று தாளும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். புள்ளி வை.

வேலம்மா


தியாகராய நகர்
12 செப்டம்பர் 1975

அன்புள்ள வேலம்மா,

உன் தாளில் இந்த வாரம் ஒரே ஒரு புள்ளி. உன்னிடம் சொல்லாமல் அதைக் கொண்டாடினோம், நானும் ஒரு தேங்காய் பன்னும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அந்தப் பதினாலாம் கணக்கைப் பலகையில் எழுதி, 1968-ல் நான் போட்ட மாதிரியே முப்பது கொண்டுவந்தேன். "இது உங்க டீச்சர் உங்க வயசுல சொன்ன பொய். எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க" என்றேன்.  டீச்சர் பொய் சொன்னாரா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! நாற்பத்திரண்டு பேரும் பலகையை மொய்த்துவிட்டார்கள். ஆறு ஏழான இடத்தை முதலில் பிடித்தவள் இசக்கியம்மாள்தான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கணக்கு பீரியட் முடிந்து ஒரு பெண்ணும் எழுந்திருக்காததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "இன்னைக்குப் பொய்க் கணக்கு உண்டா டீச்சர்?" என்று வாசலிலேயே நிற்கிறார்கள். தப்புப் போட்டால் காகிதத்தைக் கையால் மூடிக்கொள்கிற பழக்கம் போய்விட்டது. "டீச்சர், என் தப்பைப் பலகையில போடுங்க" என்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இதெல்லாம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. சம்பளம் வாங்குகிற டீச்சர் நான், சொல்லிக்கொடுத்தது நீ.

பரீட்சைக்கு ஒன்றுதான் சொல்வேன். விடைப் பக்கம் அங்கே இருக்காது. பயப்படாதே, அது இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான்.

உன்,
ஜெயபாரதி


அடையாறு
19 அக்டோபர் 1975

பாரதி,

எழுதிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி எருமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். சூபர்வைசர் என்னிடம் வந்து, பெற்றோர் எல்லாம் வெளியே இருக்கணும் என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.

தொட்டிக் கணக்கு வரவில்லை. ஆள் கணக்கு வந்தது. ஒரு வேலையை ஒருத்தி இருபது நாளில் முடிப்பாள், இன்னொருத்தி இருபத்தைந்து நாளில். சேர்ந்து செய்தால்? நூறு பாய் பின்னுகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒருத்தி ஐந்து, இன்னொருத்தி நாலு. ஒன்பது பாய். நூறை ஒன்பதால் வகுத்தால் பதினொன்றே ஒன்பதில் ஒரு நாள்! பரீட்சையில் இப்படி அசிங்கமான விடை வருமா? பக்கத்தில் ஒரு பெண் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள். கை தானாக ரப்பர் பக்கம் போனது. பத்து என்று வந்தால் அழகாக இருக்குமே என்று மனசு சொன்னது. எங்கேயாவது ஒன்பதைப் பத்தாக்கினால் போதும்.

ரப்பரை பெஞ்சிலிருந்து கீழே தட்டிவிட்டேன், பாரதி. மறுபடியும் பாயை எண்ணினேன். ஒன்பதுதான். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

சரியா தப்பா என்று எழுதி அனுப்பாதே. நான் உன்னைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

வேலம்மா


தியாகராய நகர்
22 அக்டோபர் 1975

அன்புள்ள வேலம்மா,

எழுத மாட்டேன். பேனாவை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் "எனக்குத் தெரியும்" என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். இது வழுக்கியதற்கான புள்ளி இல்லை. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன், அதற்கு அடையாளம்.

உன்,
ஜெயபாரதி


அடையாறு
21 டிசம்பர் 1975

பாரதி,

மழையில் ஆறு ஏறி ஒரு வாரம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்தோம். அதனால் தாமதம். பாய், பாத்திரம் எல்லாம் நனைந்துபோனது. உன் கடிதங்களை மட்டும் வலியுல்லா பாய் பிஸ்கட் டின்னில் போட்டுக் கடைப் பரண்மேல் வைத்துக் காப்பாற்றினார். உன் புள்ளி ஒன்றுகூடக் கரையவில்லை.

ஐம்பத்தொன்று. முப்பத்தைந்து போதும் என்று இருந்தவளுக்கு ஐம்பத்தொன்று! பேப்பரில் நம்பரைப் பார்த்த மறுநாளே மேட்ரனம்மா கையெழுத்துப் போட்டார். ஜனவரி ஐந்தாம் தேதி பயிற்சி ஆரம்பம். மருந்தை அளந்து கலப்பதுதான் முதல் பாடமாம். எனக்குப் பயம் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்தாள். அப்புறம், "அந்தப் பொண்ணு அன்னிக்கு வந்தப்போ நீ கதவ சாத்துனியே, அதுக்கப்பால நான் பின்னாடியே ஓடி பஸ் ஸ்டாப்ல நின்னுக்கினு இருந்தவகிட்ட அந்த மிட்டாய வாங்கினு வந்தேன். அது அயுதுகினே குட்த்துச்சு. உங்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவேன்னு நானே துன்ட்டேன்" என்றாள். ஏழு வருஷம் இதை வயிற்றில் வைத்திருந்திருக்கிறாள்! நீயும் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேரையும் நான் என்ன செய்வது?

ஆக எனக்கு மட்டும்தான் அந்த மிட்டாய் இன்னும் கிடைக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நேரில் வா. இனி நான் தலையாட்டினால் உண்மையாகத்தான் ஆட்டுவேன். வெள்ளம் எங்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது, நானே நினைத்தாலும் இந்தத் தடவை சாத்த முடியாது. கருப்பட்டி மிட்டாய் கொண்டு வா.

வேலம்மா